மூச்சுக்குழாய்க்கு ஒரு சட்டை

ஜனவரி 19, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் இருந்தவரை இந்த நாட்குறிப்பில் எந்தப் பையன் எவ்வளவு தூரம் தாண்டினான், எந்தப் பெண்ணுக்குக் கால் சுளுக்கியது என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றபின் காலை நடை, குழாயில் தண்ணீர் வந்த நாள், வசந்தாமணி வைத்த குழம்பு. இன்றிலிருந்து காரும் சேர்கிறது.

காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது காரமடை ரயில்வே கேட்டில் நின்றோம். வண்டி தானாக உறுமியது, தானாக அடங்கியது, மறுபடி உறுமியது. நான் ஆக்சிலேட்டர் மேல் காலே வைக்கவில்லை. கேட் திறக்கவும் வண்டி அணைந்தது. பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஹாரன் அடித்தார்கள். முப்பத்து மூன்று வருடம் விசில் ஊதிய என்னையே ஹாரன் அடித்து விரட்டினார்கள்.

இந்தச் சிவப்புக் கார் நான் வாங்கியதல்ல. வசந்தாமணியின் முதல் கணவர் சென்னியப்பன் வாங்கியது. அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. கார் தார்ப்பாய்க்கடியில் நின்றுகொண்டே இருந்தது. மகள் மோகனா விற்க விடவில்லை. கழுத்தில் விசிலைத் தவிர வேறெதையும் மாட்டிக்கொள்ளாமல் அறுபது வயது வரை இருந்துவிட்ட நான், போன ஆவணியில் வசந்தாமணியைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்தேன். அதன்பின் கார் ஓட்டப் பழகி, தார்ப்பாயை எடுத்தேன்.

மெக்கானிக் ஸ்டீபன் வீட்டுக்கே வந்து பானெட்டைத் திறந்து பார்த்தான். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகிற கறுப்பு ரப்பர் குழாய், ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கிறது. அது கிழிந்துவிட்டதாம்.

"காத்து சைடுல புகுந்துருதுங்க மாஸ்டர். எவ்வளவு பெட்ரோல் ஊத்தறதுன்னு இன்ஜினுக்குக் கணக்குத் தெரியாம முழிக்குது. ஹோஸ் மாத்தணும். ஆனா இந்த மாடலை கம்பெனி நிறுத்தி ரொம்ப வருஷமாச்சுங்க. கிடைச்சாலும் பொட்டியோட செட்டாத்தான் தருவாங்க. வண்டி விக்கிற விலை சொல்லுவாங்க."

குழாயின் நடுவில் ஏற்கெனவே ஒரு பழைய ஒட்டு இருந்தது. காக்கித் துணியைச் சுற்றி, கெட்டி நூலால் தைத்திருந்தார்கள். எண்ணெயும் தூசியும் படிந்து கறுத்திருந்தாலும் தையல் ஒரே சீராக ஓடியது. மூன்று தையலுக்கு ஒரு முடிச்சு. அவ்வளவு இடுக்கில் கையை விட்டு இப்படித் தைக்க எத்தனை பொறுமை வேண்டும்!

"இது யாரு போட்டதுங்க?" என்றான் ஸ்டீபன்.

மோர் கொண்டுவந்த வசந்தாமணி, "அது அவரு இருந்தப்பப் போட்டது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சென்னியப்பனுக்கு நல்ல கை.

மோகனாவுக்கு ஏழாம் மாதம். கோத்தகிரியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. பிப்ரவரி ஒன்பதாம் தேதி கட்டுச்சோறு விருந்து. சோற்று வகைகளைக் கட்டிக்கொண்டு நாங்கள் மேலே போய், சம்பந்தி வீட்டில் விருந்து வைத்து, பிரசவத்துக்கு அவளை இங்கே கூட்டி வர வேண்டும். "அப்பா கார்லதான் வருவேன்" என்று போனில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஓட்டுவது யார் என்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

கறுப்பு இன்சுலேஷன் டேப் வாங்கிச் சுற்றினேன். ரயில்வே கேட் வரை பிரமாதமாக ஓடியது.

ஜனவரி 21, செவ்வாய்

ரயில்வே கேட்டைத் தாண்டியதும் பழைய கதை. இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை கூழாகி, டேப் அவிழ்ந்து தொங்கியது. வீட்டுக்கு வந்து கையைக் கழுவினால் பசை போகவில்லை. வசந்தாமணி தேங்காய் எண்ணெய் கொடுத்தாள். அதோடு என் நடைப் பையின் வார் அறுந்திருந்ததையும் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி 23, வியாழன்

பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி, குழாயைச் சுற்றி இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முறுக்கினேன். செலவு என்று பார்த்தால் கிளிப் மட்டும்தான். சைக்கிள் கடைக்காரர் டியூப்பைச் சும்மா கொடுத்தார். அவர் என் மாணவர், குண்டு எறிதல்.

ஸ்டீபன் வந்து பார்த்தான். "அந்தக் காக்கித் துணியைப் பிரிச்சுப்போட்டு, கீழ ரப்பர்ல ஒட்டுனாத்தானுங்க புடிக்கும். துணிக்கு மேல எதைச் சுத்துனாலும் காத்து போகத்தான் செய்யும்."

"அது இருக்கட்டும்பா" என்றேன்.

"அதுல என்னங்க இருக்குது?"

"இருக்கட்டும்னா இருக்கட்டும்."

எட்டாம் வகுப்பில் அவனுக்கு இதே குரலில்தான் தண்டால் எடுக்கச் சொல்வேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

ஒரு மனிதர் தன் வீட்டுக்காகக் குனிந்து நின்று செய்துவைத்துவிட்டுப் போன வேலை அது. அவர் வீட்டில் அவர் நாற்காலியில் உட்காருகிறேன், அவர் காரை ஓட்டுகிறேன். அவர் தையலிலும் கத்தி வைக்க வேண்டுமா? வெள்ளிக்கிழமைதோறும் அவர் படத்துக்குப் பூ வாங்கி வருவது நான்தான். அந்த மரியாதை எனக்கு உண்டு.

நடைப் பை தயாராகிவிட்டது. வசந்தாமணி தைத்த இடம் பையை விடக் கெட்டியாக இருக்கிறது. நடு நடுவே முடிச்சுப் போட்டிருக்கிறாள்.

ஜனவரி 26, ஞாயிறு

பள்ளியில் கொடியேற்றத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புது பி.டி. ஆசிரியர் "அட்டென்ஷன்" சொன்ன விதம் சரியில்லை. நான் மட்டும் ஒழுங்காக நின்றேன்.

மதியம் வசந்தாமணியின் அண்ணன் துரைசாமி சாப்பிட வந்தார். பெரிய வெள்ளை வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் எங்கள் சிவப்புக் கார் அதனுடைய குட்டி போலத் தெரிந்தது.

"மாப்ள, கட்டுச்சோத்துக்கு நம்ம வண்டியிலயே போயர்லாமுங்க. நான் முன்னால உட்கார்ந்து புள்ளையக் கூட்டிட்டு வந்தர்றேன். மாசமா இருக்கற புள்ளைய இந்த ஓட்டை வண்டியில வெச்சு மலையிறக்கறதா? எதுக்குங்க ரிஸ்க்கு?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் கோபம் வந்தது.

பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். டியூப்பின் ஓரத்தில் எட்டிப் பார்த்த காக்கித் துணியைத் தொட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "எங்க பழைய மாப்ள கையால தெச்சது. யாரு தெச்சதுன்னு கேட்டேன், 'நாந்தான் மச்சான்'னாரு. அந்த மாதிரிக் கைவேலை இப்ப யாருக்கு வருது?"

வசந்தாமணி கையில் ரசக் கிண்ணத்தோடு நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள் போல வாயைத் திறந்து, "ரசம் ஆறுது, வாங்க" என்றாள்.

நான் துரைசாமியிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். ஒன்பதாம் தேதிக்கு முன் இந்தக் கார் கோத்தகிரி மலைப்பாதையில் குஞ்சப்பனை செக்போஸ்ட் வரை நிற்காமல் ஏற வேண்டும். ஏறினால் எங்கள் காரிலேயே போகிறோம். ஏறாவிட்டால் அவர் வண்டியில் போகிறோம், முன் சீட்டில் அவர் உட்காரலாம், நான் சோற்றுப் பாத்திரங்களோடு பின்னால் உட்காருகிறேன்.

எனக்குப் பொறாமை இல்லை. போய்ச் சேர்ந்த மனிதரிடம் என்ன பொறாமை? ரசம்தான் கொஞ்சம் உப்பாக இருந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

பஸ் ஏறி கோயம்புத்தூர், உக்கடம். பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகள். கிழிந்த குழாயின் போட்டோவைப் போனில் காட்டிக்கொண்டே வரிசையாக ஏறி இறங்கினேன். ஒருவர் மலைபோலக் கிடந்த ரப்பர் குழாய்களைக் காட்டி, "தேடிப் பாருங்க" என்று ஒரு ஸ்டூலும் கொடுத்தார். ஸ்டூலைப் பார்த்தபோதே இது சீக்கிரம் முடிகிற வேலையில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

நம் வண்டிக் குழாயின் கூடப்பிறந்தது போல ஒன்று கிடைத்தது. சந்தோஷமாக வாங்கி வந்து மாட்டினால், இன்ஜின் பக்கத்து வாய் சிறியது. சோப்புத் தண்ணீர் போட்டு இழுத்தேன். வாய் கிழிந்தது. இப்போது என்னிடம் கிழிந்த குழாய் இரண்டு.

ஜனவரி 29, புதன்

வாஷிங் மிஷினில் அழுக்குத் தண்ணீர் வெளியேறுகிற குழாயும் மடிப்பு மடிப்பாகத்தான் இருக்கிறது. பார்த்ததும் மனதில் மணி அடித்தது. கழற்றிக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் டேப் சுற்றிச் சொருகி, வண்டியைக் கிளப்பினேன். இன்ஜின் அதை உறிஞ்சி, அப்பளம் போலத் தட்டையாக்கி, மூச்சு முட்டி நின்றது.

மேற்படி குழாயைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். வசந்தாமணி மிஷினைப் போட்டுவிட்டுக் கோலப்பொடி வாங்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் குளியலறையிலிருந்து சாமி அறை வரை நுரை.

"ஏனுங்க, காரை ரிப்பேர் பண்றீங்களா, வீட்டையா?" என்றாள். பிறகு சிரித்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் தள்ளிவிட, நான் பிழிந்தேன். தனியாக இருந்த காலத்தில் என் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே சிந்தியதில்லை. சிரிப்பும் கேட்டதில்லை. இந்த வீடு எனக்குப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 1, சனி

டியூப்பின் மேல் இன்னொரு டியூப், அதன்மேல் ஓட்டை அடைக்கிற எம்-சீல் பூசிக் காயவைத்து, குஞ்சப்பனைக்குக் கிளம்பினோம். வசந்தாமணி தண்ணீர் பாட்டிலும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டாள்.

பாக்குத் தோப்பு தாண்டும் வரை வண்டி சமர்த்தாக இருந்தது. ஏற்றம் தொடங்கியதும் எம்-சீல் விரிசல் விட்டது எனக்கே கேட்டது. அடுத்த வளைவில் வண்டி முக்கியது, திணறியது, நின்றது. எதிரே வந்த பஸ் கண்டக்டர், "யோவ் பெரியவரே, கார் ஓட்ட வேற எடமே கிடைக்கலையா?" என்றார். பெரியவராம்! ஓரமாக உருட்டி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தோம். பானெட்டைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு குரங்கு வந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போயிற்று.

வசந்தாமணி உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஸ்டீபன் அந்தத் துணியப் பிரிக்கச் சொன்னானாமே. ஏன் பிரிக்கல?"

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். குரங்கு பழம் தின்பதைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "அது அவரு தைச்சது. அவரு கைவேலைய நான் வந்து வெட்டிப் போட்டேன்னு இருக்கக் கூடாது. மோகனா பானெட்டைத் திறந்து பார்த்தா, அவங்கப்பா தையல் அங்க இருக்கணும். என்னை ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் அவ இஷ்டம். ஆனா அவளுக்குன்னு இருக்கறத நான் எடுத்துட்டேன்னு ஆயிரக் கூடாது."

வசந்தாமணி என்னைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். பானெட்டை மூடினாள். நியூட்ரலில் இறக்கினால் ஆபத்து என்பதால் முதல் கியரிலேயே மெல்ல இறங்கினோம். வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

ஆக, முன் சீட் துரைசாமிக்கு.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலை காபி கூடக் குடிக்கவில்லை. வசந்தாமணி தையல் கத்திரியோடு காரிடம் போனாள். பின்னாலேயே ஓடினேன். டியூப் இரண்டையும் உருவிப் போட்டுவிட்டு, காக்கித் துணியின் ஓரத்தில் கத்திரியை நுழைத்தாள்.

"வசந்தா! என்ன பண்ற?"

"என்ற தையலை நான் பிரிக்கறேன். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அவளுடைய தையலா? எனக்குப் புரியவில்லை. அவள் கத்திரியை நிறுத்தாமலே பேசினாள்.

"நான் தெச்சதுங்க. அவருக்கு பானெட் தொறக்கற கம்பி எங்க இருக்குதுன்னே தெரியாது. மறுநாள் அண்ணன் வந்து பார்த்துட்டு, யாரு தெச்சதுன்னு கேட்டாரு. இவரு டக்குனு 'நாந்தான்'னுட்டாரு. அண்ணன் தோள்ல தட்டிக் கொடுத்தாரு. அவரு மொகத்துல அவ்வளவு சந்தோஷம். நான் பேசாம இருந்துட்டேன். அப்புறம் அது அப்படியே நின்னுபோச்சு."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"போனவரப் பத்தி நீங்க அவ்வளவு மரியாதையாப் பேசறீங்க. நான் எப்படிச் சொல்றது, அவரு புளுகுனாருன்னா?" துணி பிரிந்து கையோடு வந்தது. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "மோகனாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அப்பா எதையும் சரி பண்ணிருவாருன்னு நெனச்சுட்டே வளர்ந்துட்டா. அது அப்படியே இருக்கட்டும்."

இருக்கட்டும் என்று நானும் தலையாட்டினேன். என் நடைப் பையின் வார் ஞாபகம் வந்தது. தினமும் தோளில் மாட்டிக்கொண்டுதான் திரிகிறேன். கண் எங்கே போயிற்று எனக்கு?

துணிக்கடியில் பழைய கிழிசல் வளர்ந்து, மடிப்பைச் சுற்றிப் பாதி தூரம் போயிருந்தது. மேலே எதைச் சுற்றினாலும் காற்று துணி வழியாக உள்ளே போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். மரியாதை மரியாதை என்று இரண்டு வாரம் வீணாக்கியிருக்கிறேன்.

இது சந்தோஷப்பட வேண்டிய விஷயமல்ல. இருந்தாலும் இன்று இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன். கை கழுவப் போகிற வழியில் சென்னியப்பன் படத்தைப் பார்த்து, "நீங்களும் நம்ம ஆளுதான்" என்றேன். முதல்முறையாக அவரைப் பிடித்தது.

பிப்ரவரி 3, திங்கள்

ரப்பர் வெளியே தெரிந்துவிட்டதால் இனி இது என் துறை. எத்தனை ஃபுட்பால் பிளாடர் ஒட்டியிருக்கிறேன்! குழாயைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பசை போகும் வரை தேய்த்து, வெயிலில் காயவைத்தேன். கிழிசலைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன். சைக்கிள் டியூப் மடிப்புக்குள் வளையாது. பிளாடர் ரப்பர் மெல்லியது, இழுத்த பக்கம் வரும். பரணில் இருந்த ஒரு செத்த ஃபுட்பாலை வெட்டி, பிளாடரை எடுத்து, நீளத் துண்டாக நறுக்கினேன். இரண்டு பக்கமும் பஞ்சர் சொல்யூஷன் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும் வரை பொறுத்து, மடிப்புக்குள் விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினேன். பையன்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டுக் கெடுப்பார்கள். ஓரத்தில் ஹார்டுவேர் கடை சிலிக்கான் ஒரு கோடு. இரவு முழுக்கக் காய வேண்டும்.

வசந்தாமணி வந்து பார்த்துவிட்டு, "ஒட்டு நல்லாருக்குது. ஆனா குலுக்கல்ல பிச்சுக்கும். மேல ஒரு சட்டை போட்டு உடணும்" என்றாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சட்டைக்குத் துணி தேடினோம். காக்கி வேண்டாம், அது எண்ணெய் குடிக்கும் என்றாள். ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் கழித்துக்கட்டிய வாலிபால் நெட்டை ஞாபகார்த்தமாக வாங்கி வந்திருந்தேன். அதன் மேல்விளிம்பில் வெள்ளை கான்வாஸ் பட்டை இருக்கிறது. எத்தனை பந்து அடித்தும் கிழியாதது. வெட்டலாமா என்று அவள் கேட்கவில்லை, கத்திரியை நீட்டிக்கொண்டு என் முகத்தைத்தான் பார்த்தாள். நானே வெட்டிக் கொடுத்தேன்.

குழாயை மாட்டிய பிறகு தைத்தால்தான் வளைவுக்குத் தகுந்தபடி துணி உட்காருமாம். எனவே வண்டியிலேயே தைத்தாள். பட்டப்பகலிலும் பானெட்டுக்குள் அடியில் இருட்டு. நான் டார்ச் பிடித்தேன். வளைந்த ஊசி, நைலான் நூல், மூன்று தையலுக்கு ஒரு முடிச்சு. அவள் விரல் போகிற இடுக்கைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் என் கை எங்கேயோ போய்விட்டது.

"வெளிச்சத்தை எங்க காட்டறீங்க? என்ற மூஞ்சியிலயா தெக்கிறேன்?"

முப்பத்து மூன்று வருடம் நான் அதட்டியவன். அதட்டு வாங்குவதும் நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

குஞ்சப்பனை. நிற்காமல். செக்போஸ்ட்டில் இறங்கி இரண்டு பேரும் டீ குடித்தோம். பானெட்டைத் திறந்து பார்த்தேன், சட்டை அசையவில்லை. வசந்தாமணி குரங்குக்கு ஒரு வாழைப்பழம் எடுத்து வைத்திருந்தாள். ஸ்டீபனிடம் கொடுத்து பிரேக், டயர், எல்லாம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மூச்சு சரியாக இருந்தால் போதுமா, நிற்கவும் வேண்டும்.

துரைசாமிக்கு வசந்தாமணியே போன் செய்தாள். அவர் பின்னாலேயே தன் வண்டியில் வருவதாகச் சொல்லிவிட்டார். வரட்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

சென்னியப்பனுக்கு இன்று மல்லிகை. வழக்கமாகச் செவ்வந்திதான் வாங்குவேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விடிவதற்குள் வீடு முழுக்கப் புளி வாசம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச் சோறு. தூக்குப்போசிகளை டிக்கியில் அடுக்கி, உருளாமல் இருக்க மீதி வலையால் கட்டினேன். வாலிபால் நெட் இன்று முழு ஆட்டம் ஆடியது.

மலை ஏறும்போது என் காது முழுக்க பானெட்டில்தான். ஒரு முணுமுணுப்பு இல்லை. கண்ணாடியில் துரைசாமியின் வெள்ளை வண்டி பின்தொடர்ந்தது. நான் நின்றுவிடுவேன் என்று ஒவ்வொரு வளைவிலும் எதிர்பார்த்திருப்பார், பாவம். ஒரு வளைவில் வெள்ளை வண்டியே நின்றது. அவர் சம்சாரத்துக்குத் தலைசுற்றல். நாங்கள் இறங்கிப் போய் எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டு வந்தோம். நான் சிரிக்கவில்லை என்று இங்கே பதிவு செய்கிறேன்.

சம்பந்தி வீட்டில் விருந்து நன்றாக நடந்தது. மோகனா பச்சைப் பட்டில், கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் அவள் என் மாணவி. ஓட்டப் பந்தயம் என்றாலே வயிற்றுவலி வந்துவிடும். இன்றுவரை என்னை "சார்" என்றுதான் கூப்பிடுகிறாள். கல்யாணத்தன்று எங்களை வாழ்த்திவிட்டு, வாசலில் நின்ற காரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

கிளம்பும் நேரம் துரைசாமி தன் வண்டிக் கதவைத் திறந்து பிடித்தார். "பெரிய வண்டி, ஏ.சி. இருக்குது. காலை நீட்டிக்கலாம். இதுல வா சாமி."

அவர் அன்பாகத்தான் சொன்னார். மருமகன் தினகர் இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் அந்த வண்டியில் ஏறியிருந்தால் நான் முகத்தில் ஒன்றும் காட்டியிருக்க மாட்டேன். ஆனால் தாங்கியிருக்க மாட்டேன்.

மோகனா என்னிடம் வந்தாள். "பிரேக் நல்லா இருக்குங்களா சார்?"

"புதுசா மாத்தியாச்சும்மா."

"அப்ப மெதுவா ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பின் சீட்டில் அம்மாவோடு ஏறிக்கொண்டாள்.

தேயிலைத் தோட்டங்களைத் தாண்டியதும் அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "சத்தம் மாறியிருக்கே. முன்னெல்லாம் உஸ்ஸுனு ஒரு சத்தம் வருமே. அந்த ஹோஸை மாத்திட்டீங்களா சார்? அப்பா போட்ட தையல் என்னாச்சு?"

கண்ணாடியில் வசந்தாமணியின் கண்கள் என்னைப் பிடித்துக்கொண்டன.

"அது உள்ள பத்திரமா இருக்கும்மா. அதுக்கு மேலதான் ஒட்டியிருக்கேன்" என்றேன். மைதானத்தில் நான் பொய் சொன்னதே இல்லை. வாய் கூசியது. ஆனால் சொன்னதற்கு வருத்தமில்லை.

மோகனா சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அது அம்மா தெச்சது."

"உனக்கு எப்படிடீ தெரியும்?" என்றாள் வசந்தாமணி.

"மாடி ஜன்னல்ல இருந்து பார்த்துட்டே இருந்தேம்மா. மறுநாள் அப்பா, மாமாகிட்ட நான் தெச்சேன்னு பீத்துனாரு. நீ ஒண்ணும் சொல்லாம நின்ன. சரி, நம்மளும் சொல்ல வேண்டாம்னு இருந்துட்டேன். நீ எனக்காக மறைச்ச, நான் உனக்காக மறைச்சேன். உம் மனசுல அப்பா பெருமை அப்படியே இருக்கட்டும்னு."

"அப்ப உங்கப்பா என்னதான் பண்ணுனாரு?" என்று கேட்டுவிட்டேன்.

"டார்ச் பிடிச்சாரு சார். அதையும் ஒழுங்காப் பிடிக்கல. 'வெளிச்சத்தை எங்க காட்டறீங்க, என்ற மூஞ்சியிலயா தெக்கிறேன்'னு அம்மா திட்டுனது மாடி வரைக்கும் கேட்டுச்சு."

வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. சிரிப்பில் எனக்குச் சாலை தெரியவில்லை. வசந்தாமணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. பின்னால் துரைசாமி வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "நின்னுபோச்சுங்களா மாப்ள? நான் அப்பவே சொன்னேன்!"

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க மச்சான்" என்றேன். அதற்கு மேல் அவருக்கு விளக்க முடியவில்லை. யாரும் விளக்கவும் போவதில்லை.

மறுபடி கிளம்பியதும் மோகனா கேட்டாள். "நீங்க ஏன் சார் அப்படிச் சிரிச்சீங்க?"

"இந்தத் தடவை டார்ச் பிடிச்சது நான்" என்றேன்.

"ஒட்டுனதும் அவருதான்" என்றாள் வசந்தாமணி, ஜன்னலைப் பார்த்தபடியே.

குஞ்சப்பனை தாண்டும்போது மோகனா அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். வாய் திறந்திருந்தது. பின்னால் துரைசாமி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். நான் வேகத்தைக் கூட்டவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் மோகனா வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னாள். உள்ளே இருட்டு, டார்ச் அடித்துக் காட்டினேன். வெள்ளைப் பட்டையைத் தடவிப் பார்த்தாள். "ஸ்கூல் வாலிபால் நெட்டா சார்? இதைக் கண்டாலே எனக்கு வயித்தவலி வருமே."

"தெரியும். லீவ் லெட்டர் எல்லாம் என்கிட்டதானே வரும்."

சிரித்துக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அம்மா, நாளைக்கு ஸ்கேனுக்கு வண்டி அனுப்பறேன்னு மாமா சொன்னாருல்ல, வேண்டாம்னு சொல்லிரு. நம்ம கார்லயே போயர்லாம். சார் ஓட்டுவாரு."

இத்தனை நாளும் அதை அப்பா கார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே போனபின் பானெட்டை மூடி, தூசி தட்டி, வாசல் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றேன். கையில் டார்ச் அதுவரை எரிந்துகொண்டே இருந்தது.